சூடம் காட்டும்வரை காத்திரு

லாபு பக்கம் மழைக்காலத்தில் மத்தியானம் தாண்டினால் இடி இடிக்கும். அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட ஊரில், இடி வரவில்லையே என்று நாள் கணக்கில் மூன்று பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான், என் நண்பன், அவன் மனைவி. மூவருக்கும் சேர்த்துப் பல்லைக் கணக்கிட்டால் ஒருவருக்குப் போதாது.

எங்களுக்கு மழை வேண்டியிருக்கவில்லை. நல்ல இடி ஒன்று போதும். இடிக்குப் பயந்து நண்பனின் மனைவி வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் பிடுங்க வேண்டும். இடி ஓய்ந்து அவற்றை அவளே திரும்பச் செருகிய பின், மேசைமேல் இருக்கும் பழைய கணினி யாரும் தொடாமல் தானாக எழுந்து பேச வேண்டும். இடி எப்போது வேண்டுமானாலும் வரட்டும், ஆனால் நான் விமானம் ஏறுவதற்கு முன் வர வேண்டும். கடல் தாண்டி இருக்கும் என் மகள் வீட்டுக்குச் சில மாதங்கள் தங்கப் போகிறேன், சீட்டு எடுத்தாகிவிட்டது. கணினி தானாகப் பேசாவிட்டால், நான் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது.

இதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

என் நண்பன் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். என் அப்பா அதே தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்குப்பிள்ளையாக, இருந்தார். அந்த ஒரே காரணத்துக்காக, நான் அரசாங்கத்தில் சேர்ந்து, பாரம் என்று நாங்கள் சொல்லும் படிவங்களுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் நடுவில் தலை நரைத்து, ஒரு பிரிவுக்குத் தலைவனாகி ஓய்வு பெற்று மம்பாவில் வீடு வாங்கிய பிறகும் அவன் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவான். பரம்பரைப் பட்டம்போல அது எனக்கு இறங்கிவிட்டது.

அவனுக்குப் பெரிய குரல். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மைக் கெட்டுப்போனால் மைக்காரனைத் தேடுவதற்கு முன் அவனைத் தேடுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, லோரியின் இன்ஜினை நிறுத்துவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியிலிருந்து மனைவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்பான். இன்ஜின் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் அடுப்படி வரை போகும். அடுத்த வரிசை வீடுகளிலும் பெண்கள் தங்கள் அடுப்பில் உலை வைக்க எழுந்திருப்பார்கள் என்று சொல்வார்கள். அவன் மனைவி ஒரு நாளும் அவன் வீட்டுக்குள் வந்தபின் தண்ணீர் கொடுத்ததில்லை. கேட்டிலேயே கொடுத்துவிடுவாள்.

பிறகு தொண்டையில் நோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு போய் வருகிறது. பேச்சுக்கு வழி இல்லை.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார்கள். அவனும் எழுதினான். தமிழ்ப் பள்ளியில் படித்தவன், கையெழுத்து என்னுடையதை விட நன்றாகவே இருக்கும். ஆனால் அவன் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. அம்மா ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போனபோது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவள். ஆகவே அவன் எழுதுவான், அவள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள், பக்கத்து வீட்டுக்காரி படித்துச் சொல்வாள். புருஷன் பெண்டாட்டி சண்டையை மூன்றாவது ஆள், அதுவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, படித்துச் சொன்னால் அதில் என்ன ருசி இருக்கும்? கொஞ்ச நாளில் அவன் எழுதுவதை விட்டுவிட்டான். கையைக் காட்டினான். உப்புக்குக் கை காட்டினால் விசிறி வந்தது.

ஒரு நாள் அவள் எனக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணே, இந்த மனுசன் என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? வீடு வீடாவே இல்ல."

சட்டப்படி இது ஒரு புகார். நான் விசாரணைக்குப் போனேன்.

கைப்பேசியே பேசும் காலம் இது என்பது எனக்கும் தெரியும். முதலில் அதைத்தான் முயன்றோம். லோரி ஸ்டியரிங் பிடித்த விரல்களுக்குக் கைப்பேசியின் எழுத்துகள் அரிசிமணிகள். ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழும். தட்டித் தடவி ஒரு வரி முடித்தாலும் அந்தக் குரல் கூடத்தைத் தாண்டாது. அவன் மனைவி நாள் முழுக்க இருப்பது அடுப்படியில், காதும் இப்போது கொஞ்சம் மந்தம். ஆகவே என் வீட்டில் சும்மா கிடந்த மேசைக் கணினியைத் துடைத்து எடுத்துப் போனேன். பெரிய விசைப்பலகை. தட்டச்சு செய்த தமிழை வாசித்துச் சொல்லும் இலவச நிரல் ஒன்று. கோயிலில் வைக்கிற அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு நல்ல ஸ்பீக்கர்.

அந்த நிரலின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சளி பிடித்த அதிகாரி ஒருவர் ஏலச் சட்ட விதிகளை வாசிப்பது போல இருக்கும். முதல்முறை அது பேசியதும் நண்பனின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, உடையைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு வந்திருக்கும் அந்த ஆள் யாரென்று கேட்டாள். நான் விளக்கினேன். நண்பன் யோசித்து யோசித்து ஒரு வரியைத் தட்டினான். நோய்க்குப் பின் அவன் மனைவியிடம் நேரடியாகப் பேசும் முதல் வாக்கியம். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் முழங்கியது:

"ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு வச்ச மீன் கொழம்புல உப்பு இல்ல."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்றாள் அவள். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்வரை இருவரும் நிறுத்தவில்லை. பழைய பாக்கி எல்லாம் பேசித் தீர்த்தார்கள். வீடு வீடாகிவிட்டது.

ஆனால் லாபுவில் இடி இருக்கிறது. அவள் இடி கேட்டதும் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். தோட்டத்தில் வளர்ந்த எல்லாரும் செய்வதுதான், நானும் செய்வேன். பிடுங்கியதும் கணினி அணையும். திரும்பச் செருகியதும் அது எழுந்து, கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு கல்லாக நிற்கும். கடவுச்சொல்லைக் கொடுத்தால், ஆங்கிலத்தில் சில கட்டளைகளைத் தட்டிப் பேச்சு நிரலை எழுப்ப வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் அது எழாது. நான் அதற்கென்று செயல்முறை விளக்கம் ஒன்றைத் தமிழில் தயாரித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கணினி பக்கத்தில் மாட்டிவைத்தேன். தலைப்பு, உட்தலைப்பு, எச்சரிக்கை எல்லாம் இருந்தது. அடுத்த முறை போனபோது நண்பன் அதை விசிறியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தான். உறை போட்டதால் நன்றாகக் காற்று வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே ஒவ்வொரு இடிக்குப் பிறகும் எனக்கு ஃபோன் வரும். "அண்ணே, வாய் நின்னு போச்சு." நான் மம்பாவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய் வாயைத் திறந்துவிட்டு வருவேன். நான் போகும்வரை அவர்கள் ஊமைகள். மகள் டிக்கெட் அனுப்பியபோதுதான் எனக்கு உறைத்தது. நான் போய்விட்டால்?

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினி எழுந்ததும் தானாகச் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி ஒரு சிறு கோப்பில் வைக்கலாம். முதலில் இது, பிறகு அது என்று. ஸ்கிரிப்ட் என்பார்கள். கணினி ஒவ்வொரு முறை கண் விழிக்கும்போதும் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, வரி வரியாக, முகம் சுளிக்காமல், பஞ்சப்படி கேட்காமல் செய்யும். அரசாங்க வேலையில் வாழ்நாள் முழுக்க நான் எழுதிய ஆணைகளில் ஒன்றையாவது யாராவது அப்படிச் செய்ததுண்டா? இங்கே செய்ய ஒருவன் காத்திருக்கிறான். நான் எழுத வேண்டியதுதான் பாக்கி. பல வருஷங்களுக்குப் பிறகு காலையில் பல் துலக்காமல் மேசையில் உட்கார்ந்தேன்.

மின்சாரம் திரும்பியதும் பொத்தானை அழுத்தாமலே கணினி எழும்படி ஓர் அமைப்பு உள்ளே இருந்தது. அதை இயக்கினேன். கடவுச்சொல்லை எடுத்தேன். கடவுச்சொல்லின் அவசியம் பற்றி என் துறையில் சுற்றறிக்கை எழுதியவனே நான்தான். ஆனால் அந்த வீட்டுக் கணினியில் திருடுவதற்கு உப்பு பற்றிய புகார்களைத் தவிர என்ன இருக்கிறது? பிறகு ஸ்கிரிப்ட்: ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார், இருந்தால் ஒலியைக் கூட்டு, பேச்சு நிரலை எழுப்பு, வணக்கம் சொல், தட்டச்சு செய்யும் பக்கத்தைத் திற. ஸ்பீக்கர் இல்லை என்றால் காரணத்தைக் குறித்துவிட்டு நிறுத்து.

கணினியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்தேன். பிளக்கைப் பிடுங்கினேன், செருகினேன். திரை கறுத்தது, எழுத்துகள் ஓடின, ஓய்ந்தன. நான் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனேன்.

"வணக்கம். பேச்சுக்கருவி ஆயத்தமாக உள்ளது."

இந்த வயதில் குதிக்கக்கூடாது என்று முட்டி டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் குதித்தேன். திரும்பப் பிடுங்கினேன், திரும்பச் செருகினேன், திரும்ப வணக்கம். பக்கத்து வீட்டுச் சீனர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, விருந்தாளியா என்று மலாயில் கேட்கும்வரை விடவில்லை.

லாபுவுக்குக் கொண்டுபோய் அங்கேயும் ஒரு முறை செய்து காட்டினேன். நண்பன் வாயைப் பிளந்து பார்த்தான், பிறகு தட்டினான்.

"கிராணி, வீட்டுக்குள்ள யாருடா வணக்கம் சொல்லுவா? மந்திரியா வந்துருக்காரு?"

வணக்கத்தை வேறு ஒரு தனிக் கோப்பில் வைத்திருப்பதாகப் பெருமையோடு சொன்னேன். கட்டளைகளைத் தொடாமல் வாசகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல நிர்வாகத்தில் அப்படித்தான் செய்வார்கள். கோப்பைத் திறந்தும் காட்டினேன். ஆனால் எந்த மாற்றமும் என் ஒப்புதலோடுதான் நடக்க வேண்டும் என்றேன். அவன் பயபக்தியோடு தலையாட்டினான். நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் இடி இடித்தது. ஃபோன் வந்தது. "அண்ணே, வாய் வரல."

போனேன். கணினி எழுந்திருந்தது, திரை வெளிச்சமாக இருந்தது, ஸ்பீக்கரிலும் விளக்கு எரிந்தது. ஆனால் ஸ்கிரிப்ட் ஸ்பீக்கரைக் காணவில்லை என்று குறித்துவிட்டு நின்றுபோயிருந்தது. கண்ணெதிரே ஸ்பீக்கர் இருக்கிறது. கணினியை அணைத்துப் போட்டேன், உடனே வணக்கம் வைத்தது. சரி, ஏதோ ஒரு முறை தவறிவிட்டது என்று திரும்பி வந்தேன். அடுத்த இடிக்கும் அதே கதை. ஒயரை மாற்றினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். நான் போட்டால் பேசுகிறது, அவர்களிடம் விட்டுவிட்டால் ஊமையாகிறது. திருடன் போலீஸ்காரன் இருக்கும்போது வருவதில்லை என்பதால், ஒரு நாள் மத்தியானத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டேன்.

இடி வந்தது. அவள் எல்லாப் பிளக்கையும் பிடுங்கினாள். மழை கொட்டியது, பிறகு செம்பனை ஓலைகளில் சொட்டு மட்டும் பாக்கி. அவள் எழுந்தாள். நான் சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் சாமி மேடையில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கின் பிளக். அடுத்து ஐஸ் பெட்டி. அடுத்து கணினி. கணினி சத்தமில்லாமல் எழ ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் பின்பக்கம் போய்க் கால் கழுவி வந்தாள். சூடம் எடுத்தாள், தட்டில் வைத்தாள், பற்றவைத்தாள், மெதுவாகச் சாமிக்குக் காட்டினாள், வாசலுக்குக் காட்டினாள், புருஷனுக்கு முன் நீட்டினாள், எனக்கும் நீட்டினாள். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்கெல்லாம் பிறகுதான் டிவி பக்கம் போய்க் குனிந்து, டிவியையும் ஸ்பீக்கரையும் செருகினாள். என் ஸ்கிரிப்ட் எப்போதோ வந்து, ஸ்பீக்கரைக் கேட்டு, இல்லையென்று எழுதிவிட்டுக் கடையை மூடியிருந்தது.

"ஸ்பீக்கரை ஏன் கடைசியில போடுறீங்கமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று இருந்தது. "இடிச்சு ஓஞ்ச வீட்டுல மொதல்ல சாமிக்குச் சூடம் காட்டணும் அண்ணே. அதுக்கு முந்தி ரேடியோ, டிவி எதுவும் வாயத் தொறக்கக்கூடாது. எங்கம்மா வீட்டுல அப்படித்தான்."

"கம்ப்யூட்டரை மட்டும் முந்தியே போட்டீங்களே?"

"அது எந்திரிக்கவே நேரம் ஆகுது, பாவம். அது எந்திரிச்சு உக்காரட்டும்லா. ஸ்பீக்கருதானே வாயி? வாய மட்டும்தான் நிறுத்தி வைக்கிறேன்."

தீர்வு கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்பீக்கரையும் கணினியோடு சேர்த்தே போடுங்கள், சூடம் காட்டும்வரை அதன் ஒலியைக் குறைத்து வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நண்பன் என் காலை மிதித்தான். கணினியை அணைத்துப் போட்டு, வாய் வந்ததும் தட்டினான்.

"அவ மாத்த மாட்டா. நீ மாத்து."

மம்பாவ் வரை வண்டியோட்டிக்கொண்டு யோசித்தேன். நான் எழுதியது ஒரு கவுண்ட்டர் குமாஸ்தாவை. முழுமையற்ற விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்படும். ஒரு இணைப்பு குறைந்தால் ஜன்னலைச் சாத்து. இணைப்பு வந்துகொண்டிருக்கிறதா, கால் கழுவப் போயிருக்கிறதா என்று கேட்காதே. மூளையில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. ஆனால் அந்த நேரம் எனக்கு வெட்கத்துக்கெல்லாம் அவகாசம் இல்லை. எப்படி மாற்றுவது என்பது தெரிந்துவிட்டது, ஸ்டியரிங்கில் விரல்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. ராசா என்ற ஊரைத் தாண்டும்போது பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். சிவப்பு விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரமாயிற்றோ.

ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் கொஞ்சம் தூங்கு. எழுந்து திரும்பக் கேள். இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு. எழுதிப் பார்த்தால் நாலு வரிதான். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? காலக்கெடு இல்லாத ஆணை என்று ஒன்று எங்கள் துறையில் கிடையாது. சூடம் காட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளிடமே ஃபோனில் கேட்டேன். அது அன்றைக்குச் சாமியிடம் என்ன பேச வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றாள். வெள்ளிக்கிழமை என்றால் ஒரு பாட்டும் உண்டாம். காலக்கெடுவை எடுத்தேன். முடிவே இல்லாமல் காத்திருக்கும்படி எழுதினேன். அந்த வரிகளுக்கு மேலே, கணினி கண்டுகொள்ளாத, மனிதர்கள் படிப்பதற்கான குறிப்பு ஒன்றை எழுதும் வழக்கம் உண்டு. பின்னால் வருகிறவருக்குப் புரிய வேண்டுமே. நான் எழுதினேன்: சூடம் காட்டும்வரை காத்திரு.

அவர்கள் வீட்டில் கொண்டுபோய் வைத்து, ஸ்பீக்கரைக் கடைசியாகச் செருகி நானே சோதித்தேன். பேசியது. ஆனால் முந்தியும் என் கையால் போட்டபோதெல்லாம் பேசியதுதானே? என் சோதனையை நானே நம்பவில்லை. உண்மையான வரிசையில், அவள் கையால், சூடத்தோடு நடக்க வேண்டும். ஒத்திகை பார்க்கலாமா என்று கேட்டேன். இடி இல்லாமலே பிளக்கைப் பிடுங்கி, சூடம் காட்டி, செருகி.

"சாமிக்கிட்ட நடிக்கச் சொல்றீங்களா அண்ணே?" என்றாள். அதோடு அந்த யோசனை முடிந்தது.

அதிலிருந்து இடி நின்றுவிட்டது. வானம் காலையிலிருந்து நீலம். மத்தியானம் நீலம். லிங்கி பக்கம் மழையாம், நீலாயில் மழையாம், எங்களுக்கு மட்டும் வெயில். நான் தினமும் போய் உட்கார்ந்தேன். அவள் தேத்தண்ணி கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போனாள். ஒரு கறுத்த மேகம் தலைகாட்டினால் மூவரும் எழுந்து வாசலுக்கு ஓடுவோம். அது ஆற அமர நடந்து போய்விடும். நண்பன் தட்டினான்: "கிராணி, மேகத்துக்கு ஒரு பாரம் போட்டுப் பாரு."

சிரித்தோம். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்ததை நான் பார்த்தேன். இந்தக் கணினி வருவதற்கு முந்தைய நாட்கள் எப்படி இருந்தன என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு விசாரித்துத்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பெட்டியைக்கூட முழுதாக அடுக்காமல் போனேன். சாப்பாடு முடிந்தது. காற்று நின்றது. செம்பனை வரிசைகளுக்கு மேலே வானம் சட்டி அடிபோலக் கறுத்தது. தூரத்தில் ஒரு உறுமல். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்தது கூரைக்கு மேலேயே விழுந்தது போல இருந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே சொல்ல? நண்பன் இரண்டு கையையும் தூக்கி வானத்தைக் கும்பிட்டான். அவள் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்களைப் போலப் பார்த்துவிட்டு, ஓடி ஓடிப் பிளக்குகளைப் பிடுங்கினாள்.

மழை அடித்து ஓய்ந்தது. சொட்டுச் சத்தம். அவள் எழுந்தாள். நான் எழப் போனேன். நண்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

சிவப்பு விளக்கு. ஐஸ் பெட்டி. கணினி. திரையில் எழுத்துகள் ஓடி முடிந்தன. இப்போது உள்ளே என் நாலு வரி கேட்கிறது, இல்லை என்று பதில் வருகிறது, தூங்குகிறது, எழுந்து திரும்பக் கேட்கிறது. எனக்கு அது கேட்பது காதில் விழுவது போலவே இருந்தது. அவள் கால் கழுவி வந்தாள். சூடத்தை வைத்தாள். தீப்பெட்டி சாரலில் நனைந்திருந்தது. உரசினாள், பற்றவில்லை. இன்னொன்று, அதுவும் பற்றவில்லை. அடுப்படிக்குப் போனாள். நான் நண்பனைப் பார்த்தேன், அவன் கணினியைப் பார்த்தான். கேஸ் அடுப்பில் சூடத்தைப் பற்றவைத்து, தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் நிதானமாக நடந்து வந்தாள். சாமிக்குக் காட்டினாள். அன்றைக்குச் சாமியிடம் பேச நிறைய இருந்தது. வாசலுக்குக் காட்டினாள். எங்களுக்கு நீட்டினாள். நான் அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

தட்டை வைத்தாள். டிவி பக்கம் போய்க் குனிந்து டிவியைச் செருகினாள், ஸ்பீக்கரைச் செருகினாள். அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரில் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு தூக்கம், இன்னொரு தூக்கம் இருக்கலாம், பொறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு ஸ்பீக்கர் ஒரு முறை லேசாகக் கரகரத்தது. என் ஒப்புதலோடு எழுதப்பட்ட வணக்கத்துக்காக நான் கையை நாற்காலியில் ஊன்றி முன்னால் சாய்ந்தேன். சளி பிடித்த அந்த அதிகாரி, வீடு அதிரும்படி, கத்தினார்:

"ஏ புள்ள! தண்ணி கொண்டா!"

"இந்தா வர்றேன், வர்றேன்," என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. கிளாஸ் எடுக்கிற சத்தம், குழாய்ச் சத்தம். "வந்ததும் வராததுமா என்ன கத்து கத்துறீங்க..."

குழாய் நின்றது. அவள் கையில் தண்ணீரோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். உடம்பு பாதி வாசல் கேட் பக்கம் திரும்பியிருந்தது. கேட்டில் யாரும் இல்லை. ஸ்பீக்கரைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவன் ஒன்றும் தெரியாதவன்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வந்து கிளாஸை அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். அவள் கிளாஸை வாங்கிக்கொண்டும் அங்கேயே நின்றாள்.

"வாய் வந்துருச்சு," என்றாள் என்னிடம். காலிக் கிளாஸை முந்தானையால் துடைத்தாள். "இனிமே என் நிம்மதி போச்சு."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாசகத்தை என் ஒப்புதல் இல்லாமல் மாற்றியது யார் என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை. அவன் விசைப்பலகையை இழுத்து, தடித்த விரல்களால் நிதானமாகத் தட்டினான்.

"ஒப்புதல் கேட்டா நீ பாரம் குடுப்ப."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் இன்னொரு வரி தட்டினான். தண்ணியில் ஏதோ புகை வாடையாம், கேஸ் அடுப்பில் சூடம் கொளுத்தியது யார் என்று கேட்டிருந்தான். அவள் கிளாஸை மேசைமேல் டக்கென்று வைத்தாள். தீப்பெட்டியை ஜன்னலோரம் வைத்தது யார் என்று அவள் கேட்டாள். எனக்குப் பெட்டி அடுக்க வேண்டியிருந்தது, விடைபெற்றேன். இருவரும் கவனிக்கவில்லை.

கேட்டைச் சாத்திக் காரில் ஏறும்போது உள்ளே நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் அவள் குரல், கொஞ்சம் இடைவெளி, பிறகு அந்த அதிகாரியின் குரல், அது முடிவதற்குள் அவள். இன்ஜினைப் போடாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மம்பாவுக்கு வண்டியை விட்டேன்.